கடல் கடந்த ஏலம்: பணத்தை எந்த வழியில் அனுப்புவது?

ஆன்லைன் ஏலத்தில் ஒரு பொருளை எடுப்பது பெரிய வித்தையல்ல. கடைசி விநாடியில் உங்கள் தொகைக்கு மேலே யாரும் போகவில்லை என்றால் பொருள் உங்களுடையது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். விற்பவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். முகம் தெரியாது, தெரிந்த பெயரும் ஏதோ ஒரு பயனர் பெயர்தான். பொருள் அவரிடம், பணம் உங்களிடம். நேரில் என்றால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கலாம். இங்கே யாராவது ஒருவர் முதலில் நம்பியாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் வாங்குபவர்தான், ஏனென்றால் பணம் வராமல் யாரும் பார்சல் கட்டுவதில்லை.

உள்நாட்டில் ஏமாந்தால் காவல் நிலையம், நுகர்வோர் நீதிமன்றம் என்று போக ஓரிடமாவது இருக்கும். எல்லை தாண்டிவிட்டால் அதெல்லாம் பெயரளவுக்குத்தான். சின்னத் தொகைக்காக இன்னொரு நாட்டில் வழக்குப் போட்டால் வக்கீல் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பாதுகாப்பை, பணம் கட்டிய பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட முடியாது. பணம் போகிற வழியிலேயே அது இருக்க வேண்டும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் விற்பவரை எடை போடுவதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள், எத்தனை வருடமாக விற்கிறார் என்று பார்ப்பது சரிதான். ஆனால் நல்ல மதிப்பெண் உள்ள ஒருவரின் கணக்கைத் திருடியவனும் அதே மதிப்பெண்ணோடுதான் வந்து நிற்பான். என் கணக்கில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பணம் போன பிறகு அதைத் திருப்பி இழுக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளைக்கு இருக்கிறது? இதைக் கேட்டுப் பார்த்தாலே எந்த வழி தேறும், எது தேறாது என்று பாதி தெரிந்துவிடும்.

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தை 1995-ல் பியர் ஒமிடியார் தொடங்கினார். அங்கே முதலில் விற்ற பொருளாகச் சொல்லப்படுவது, பழுதான ஒரு லேசர் பாயின்டர், விலை 14.83 டாலர். அந்தக் காலத்தில் ஏலம் எடுத்தவர் காசோலையையோ மணி ஆர்டரையோ தபாலில் போடுவார். அது போய்ச் சேர்ந்து, வங்கியில் பணமாகி, அப்புறம்தான் பொருள் கிளம்பும். நாடு விட்டு நாடு என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நடுவில் யாருக்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்த ஓட்டையை அடைத்துத்தான், இணையம் வழியாகப் பணம் அனுப்பும் சேவையான பேபால் வளர்ந்தது. 2002-ல் ஈபே அதை 1.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2015-ல் இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. இப்போது ஈபேயில் வாங்குபவரிடமிருந்து பணத்தை வாங்கி விற்பவருக்குக் கொடுக்கும் வேலையை ஈபேயே செய்கிறது. கார்டு, பேபால் எல்லாம் அந்தக் கல்லாவுக்கு வந்து சேரும் வழிகள் மட்டுமே.

கார்டுக்குப் பின்னால் இருக்கும் பிடி

கிரெடிட் கார்டைப் பலரும் வசதிக்காக வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஏலத்தில் அதன் உண்மையான மதிப்பு சார்ஜ்பேக் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. பொருள் வரவில்லை, அல்லது சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால், கார்டு கொடுத்த உங்கள் வங்கியிடம் புகார் சொல்கிறீர்கள். அந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பின் வழியாக, விற்பவருக்குப் பணம் வாங்கிக் கொடுத்த வங்கியிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. பொருளை ஒழுங்காக அனுப்பினேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அப்போது விற்பவர் தலையில் விழுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, விற்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் விதி ஒன்றுதான். நீங்கள் அந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாம், அந்த ஊர் மொழியில் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் வங்கியிடம் உங்கள் மொழியில் பேசினால் போதும்.

கெடு உண்டு. பொருள் வராத வழக்குகளில் பொதுவாக 120 நாள், பொருள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணப்படும். சில வங்கிகள் இதைவிடச் சீக்கிரம் புகாரைக் கேட்கும், அதனால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். சில நாடுகளில் சட்டமே கூடுதல் பலம் கொடுக்கிறது. பிரிட்டனில் 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் கார்டு நிறுவனத்தையும் விற்பவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. ஆனால் நடுவில் வேறொரு பணச்சேவை புகுந்துவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துபோக வாய்ப்புண்டு.

டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் உண்டு. வித்தியாசம், வழக்கு முடியும்வரை பணம் யாருடையது என்பதில். கிரெடிட் கார்டில் தகராறு ஓடும்போது மாட்டிக்கொண்டிருப்பது வங்கியின் பணம். டெபிட் கார்டில் அது உங்கள் மாதச் செலவுக்கான பணம். இரண்டும் கையில் இருந்தால் ஏலத்துக்குக் கிரெடிட் கார்டுதான். கார்டு எண்ணைச் செய்தியிலோ மின்னஞ்சலிலோ விற்பவருக்கு அனுப்பவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

பேபாலும் தளத்தின் உத்தரவாதமும்

ஈபேயில் வாங்கியது வரவில்லை அல்லது விவரித்தபடி இல்லை என்றால், பொருள் வந்த நாளிலிருந்து, வரவே இல்லை என்றால் வருமென்று காட்டிய கடைசி நாளிலிருந்து, 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு எழுப்பலாம். இங்கே ஒரு பொடி எழுத்து இருக்கிறது. தகராறு எழுப்புவது முதல் படி மட்டும்தான், அப்போது நீங்களும் விற்பவரும் பேசிக்கொள்கிறீர்கள். 20 நாளுக்குள் அதைப் பேபால் தீர்ப்புச் சொல்லும் கோரிக்கையாக மேலே தள்ளவில்லை என்றால் அது தானாகவே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது.

ஏமாற்றுகிற விற்பவருக்கு இந்தக் கெடுவெல்லாம் அத்துப்படி. கஸ்டம்ஸில் மாட்டியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பாருங்கள், தபால்காரர்கள் வேலைநிறுத்தம், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்று மிக மரியாதையாக எழுதுவார். கோபமே வராது அவருக்கு. நீங்களும் நல்ல மனிதர் போலிருக்கிறதே என்று பொறுப்பீர்கள். 30 நாள் தாண்டியதும் பதில் வருவது நின்றுவிடும். ஆகவே பணம் கட்டிய அன்றே நாட்காட்டியில் கெடு தேதியைக் குறித்துவிடுங்கள். அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பாகப் பொருள் வரவில்லை என்றால் புகாரைப் பதிவு செய்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். நேர்மையான விற்பவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பொருள் வந்தவுடன் புகாரை மூடிவிடலாம்.

பேபாலில் இன்னொரு பொறி இருக்கிறது. பணம் அனுப்பும்போது இது நண்பர், குடும்பத்தினருக்கா, அல்லது பொருள், சேவைக்கா என்று ஒரு திரை கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் வாங்குபவர் பாதுகாப்பு அடியோடு கிடையாது. விற்பவர் சொல்வது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நண்பர் என்று போட்டு அனுப்புங்கள், எனக்குக் கட்டணம் பிடிக்க மாட்டார்கள், உங்களுக்கு அதைக் குறைத்துக்கொள்கிறேன். தள்ளுபடி 3 அல்லது 4 சதவீதம். அதற்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது மீதி 96 சதவீதத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையை. கட்டணம்தான் அவருக்கு வருத்தம் என்றால் அதை நீங்களே சேர்த்துக் கட்டுங்கள், பொருளுக்கான வழியிலேயே கட்டுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த விற்பவரை விட்டுவிடலாம்.

கார், மோட்டார் சைக்கிள் போன்ற வாகனங்களுக்கும் வீடு நிலத்துக்கும் பேபாலின் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. ஈபேயின் பொதுவான பணம் திருப்பும் உத்தரவாதத்திலும் வாகனங்கள் சேராது. பெரிய மோசடிகள் வாகனங்களைச் சுற்றியே அதிகம் நடக்கின்றன என்பதால் இது சின்ன விஷயமல்ல.

புகார் செய்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. தளம், பேபால், கார்டு என்று மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் தட்டினால் ஒன்று மற்றதை மூடிவிடும். முதலில் ஏலத் தளம், அங்கே நியாயம் கிடைக்கவில்லை என்றால் பேபால் அல்லது வங்கி என்று போவது நல்லது. கெடு மட்டும் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

வங்கி வழியாக அனுப்பச் சொன்னால்

வயர் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புவதைப் புரிந்துகொள்ள ஸ்விஃப்ட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய இந்த அமைப்பு பணத்தை எங்கும் கொண்டுபோவதில்லை. வங்கிகளுக்கு இடையே, இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற செய்தியைத்தான் கொண்டுபோகிறது. உங்கள் வங்கிக்கும் விற்பவரின் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் புகும், ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 200 டாலர் அனுப்பினால் 180 போய்ச் சேருவது இதனால்தான். அனுப்பும்போதே முழுச் செலவையும் நான் ஏற்கிறேன் என்று தேர்ந்தெடுக்கவில்லை என்றால், பணம் குறைகிறது, மீதியைக் கட்டு என்று விற்பவர் எழுதுவார். அவர் ஏமாற்றவில்லை.

பாதுகாப்பு என்று பார்த்தால், பணம் அவர் கணக்கில் ஏறிய பிறகு இழுக்க வழி கிட்டத்தட்ட இல்லை. உங்கள் வங்கி திருப்பி அனுப்பும்படி கோரிக்கை அனுப்பலாம், ஆனால் பெற்றவர் சம்மதிக்க வேண்டும். திருடன் எதற்குச் சம்மதிக்கப்போகிறான்?

அதற்காக வங்கிக் கணக்கு எண் கொடுக்கிறவர் எல்லோரும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. விற்பவர் பக்கத்திலும் பயம் இருக்கிறது. பொருளை வாங்கிக்கொண்டு, வரவே இல்லை என்று பொய்ப் புகார் கொடுத்துப் பணத்தையும் திருப்பி வாங்குகிற வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அடிபட்டவர் கார்டையும் பேபாலையும் கண்டாலே ஒதுங்குவார். ஐரோப்பாவில் ஒருவருக்கொருவர் வங்கி மூலம் அனுப்பிக்கொள்வது சாதாரணம். சாதபீஸ், கிறிஸ்டீஸ் போன்ற பழைய ஏல நிறுவனங்களும் பெரிய தொகைக்கு வங்கிப் பரிமாற்றத்தைத்தான் விரும்பும். அங்கே உங்கள் பாதுகாப்பு அந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும்தான். முகம் தெரியாத தனிநபரிடம் அந்தப் பெயர் இல்லை.

அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் கணக்கு எண்ணை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பல நாடுகளில் பயன்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணான ஐபேனின் முதல் இரண்டு எழுத்துகள் கணக்கு இருக்கும் நாட்டைச் சொல்லும். ஜெர்மனி என்றால் டி, இ, பிரிட்டன் என்றால் ஜி, பி. அடுத்த இரண்டு இலக்கம் சரிபார்ப்பு எண். மொத்தத்தையும் ஒரு கணக்குப் போட்டு 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இதைச் சோதித்துச் சொல்லும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. எண் சரி என்று வந்தால் அதற்குப் பொருள், தட்டச்சுப் பிழை இல்லை என்பது மட்டுமே. கணக்கு யாருடையது என்று அது சொல்லாது. எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று அனுப்பும் முன் காட்டுகிற வசதி பிரிட்டனில் பெரிய வங்கிகளுக்கு 2020-ல்தான் வந்தது. நாடு விட்டு நாடு போகும் பணத்துக்கு அது எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது.

இத்தாலியில் இருக்கிறேன் என்கிறவர் வேறொரு நாட்டுக் கணக்கைக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். சில புதிய இணைய வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் லிதுவேனியா, பெல்ஜியம் எண்களைக் கொடுப்பதுண்டு, அதனால் இது மட்டுமே குற்றமாகிவிடாது. கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தால் மட்டும் எந்தக் கதையையும் கேட்க வேண்டாம். மைத்துனர் கணக்கு, கம்பெனிக் கணக்காளர் கணக்கு, எதுவாக இருந்தாலும் சரி.

ஏல நிறுவனத்தின் பில் மின்னஞ்சலில் வந்து, சற்று நேரத்தில் கணக்கு எண் மாறிவிட்டது என்று இன்னொரு மின்னஞ்சல் வந்தால், பணத்தை நிறுத்திவையுங்கள். யாரோ அவர்கள் அஞ்சல் பெட்டிக்குள் உட்கார்ந்து உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டிருக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். அதை எடுப்பவனும் அவனாகவே இருப்பான்.

திரும்பாத வழிகள்

வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவை தெரிந்தவருக்குப் பணம் அனுப்ப உருவானவை. பெற்றவர் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் கதை முடிந்தது. ஏல மோசடியில் இவற்றுக்கு இருந்த இடம் கொஞ்சநஞ்சமல்ல. ருமேனியாவில் ரிம்னிக்கு வில்சியா என்ற நகரம் இதற்காகவே உலகச் செய்தியானது. இல்லாத கார்களையும் பொருள்களையும் அங்கிருந்து ஏலத்தில் விற்றார்கள், பல நாடுகளில் ஆள் வைத்து அந்தப் பணத்தை எடுத்தார்கள். மோசடிப் பணம் தன் வழியாகப் போவதைத் தடுக்கத் தவறியதாக எழுந்த குற்றச்சாட்டில் வெஸ்டர்ன் யூனியன் 2017-ல் அமெரிக்க அரசுக்கு 586 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மணிகிராம் 2018-ல் 125 மில்லியன் டாலர். இந்த நிறுவனங்களே, தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள் என்று படிவத்தில் அச்சடித்து வைத்திருக்கின்றன.

பிட்காயின் உள்ளிட்ட கிரிப்டோவும் இதே ரகம். அனுப்பியதை ரத்து செய்யும் பொத்தான் அதில் கிடையாது, புகார் கேட்க மேலாளரும் கிடையாது. கிஃப்ட் கார்டு வாங்கிப் பின்புற எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அதை மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கவரில் ரொக்கம் வைத்து அனுப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எஸ்க்ரோ

இருவர் பந்தயம் கட்டும்போது பணத்தைப் பொதுவான மூன்றாமவர் கையில் கொடுத்து வைப்பார்கள் அல்லவா? எஸ்க்ரோ அதுதான். நீங்கள் எஸ்க்ரோ நிறுவனத்திடம் பணம் கட்டுகிறீர்கள். பணம் வந்துவிட்டது என்று அது விற்பவருக்குச் சொல்கிறது. பொருள் வருகிறது, சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட நாள்கள் உங்களுக்கு உண்டு, சரி என்று சொன்னதும் பணம் அவருக்குப் போகிறது. கட்டணம் உண்டு, ஆனால் விலை அதிகமான பொருளுக்கு அது தகும். நெதர்லாந்தின் கேட்டவிக்கி போன்ற சில ஏலத் தளங்கள் இந்த ஏற்பாட்டை உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அங்கே பொருள் உங்களிடம் வந்து சேரும்வரை பணம் விற்பவருக்குப் போகாது.

கேட்கவே நன்றாக இருப்பதால்தான் மோசடிக்காரர்களுக்கும் இது பிடித்த ஆயுதம். விற்பவரே, உங்கள் பாதுகாப்புக்காக எஸ்க்ரோ வழியாகப் போகலாம் என்று சொல்லி இணைப்பு அனுப்புவார். தளம் அழகாக இருக்கும், பூட்டுப் படம் இருக்கும், வாடிக்கையாளர் பாராட்டு இருக்கும். எல்லாமே போன மாதம் செய்தது. அந்த மூன்றாமவரே விற்பவரின் ஆள்தான். இங்கே நான் வைத்திருக்கும் விதி கொஞ்சம் கறாரானது: எஸ்க்ரோ நிறுவனத்தை வாங்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். 1999 முதல் இயங்கும் எஸ்க்ரோ.காம் போன்ற தெரிந்த ஒன்றை நீங்களே முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்து போங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல், நான் அனுப்பியதில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தளத்துக்கு வெளியே வா என்கிற செய்தி

மோசடி பெரும்பாலும் ஒரு செய்தியில் தொடங்கும். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதோ தோற்ற மறுநாளோ அது வரும். "வணக்கம், ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன். தளத்தின் கமிஷன் அதிகம், இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்." தோற்ற வருத்தத்தில் இருப்பவருக்கு இது தேன். இரண்டாவது வாய்ப்பு என்ற உண்மையான வசதி ஈபேயில் இருப்பதால் நம்பவும் தோன்றும். ஆனால் உண்மையான வாய்ப்பு உங்கள் ஈபே கணக்கின் செய்திப் பெட்டிக்குள் இருக்கும், பணமும் அங்கேதான் கட்டப்படும். மின்னஞ்சலில் மட்டும் வந்து கணக்கில் காணவில்லை என்றால் அது போலி. தளத்துக்கு வெளியே கட்டிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. புகார் கொடுத்தால், எங்கள் வழியாக எதுவும் நடக்கவில்லையே என்று சொல்லிவிடும், அதில் தவறும் இல்லை.

பணம் கட்டும் பக்கத்தில் கொஞ்சம் நிதானம்

மோசடியே இல்லாமலும் பணம் கசியும் இடம் ஒன்று உண்டு. விலை டாலரிலோ யென்னிலோ இருக்கும். கட்டும்போது, உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று ஒரு கட்டம் ஏற்கெனவே டிக் அடித்தபடி நிற்கும். அது உபகாரம் போலத் தெரியும். உள்ளே பார்த்தால் மாற்று விகிதத்தில் 3, 4 சதவீதம் சேர்த்திருப்பார்கள். 500 டாலர் பொருளுக்கு 20 டாலர் அங்கேயே போகும். விற்பவரின் பணத்திலேயே கட்டிவிட்டு மாற்றும் வேலையை உங்கள் கார்டிடம் விடுவது பெரும்பாலும் மலிவு. உங்கள் கார்டு வெளிநாட்டுச் செலவுக்குத் தனியாக எவ்வளவு பிடிக்கிறது என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய ஏலங்களில் நிலைமை வேறு. யாஹூ ஜப்பான் ஏலத்தில் பல விற்பவர்கள் உள்நாட்டுக்கு மட்டுமே அனுப்புவார்கள், பணமும் உள்நாட்டு முறையில்தான் வாங்குவார்கள். அதனால் பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுச் சேவைகள் உங்களுக்காக ஏலம் கேட்டு, வாங்கி, தங்கள் கிடங்குக்கு வரவழைத்து, மறுபடி உங்களுக்கு அனுப்புகின்றன. நீங்கள் பணம் கட்டுவது இந்தச் சேவைக்கு. அதனால் விற்பவர் பணத்தோடு ஓடிவிடுவார் என்ற பயம் குறைகிறது. ஆனால் பொருள் போலி, உள்ளே பழுது என்று தெரிந்தால், சொன்னதை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று சேவை கை கழுவ இடமுண்டு. திறந்து சோதித்துப் படம் எடுத்து அனுப்ப அவர்கள் தனிக் கட்டணம் கேட்டால், விலை உயர்ந்த பொருளுக்கு அதைக் கொடுப்பதே மேல்.

கஸ்டம்ஸ் வரியைக் குறைக்க, பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுகிறேன் என்பார் சில விற்பவர். சட்டப்படி அது தப்பு. அது போகட்டும், உங்களுக்கே நஷ்டம் வரும்: பார்சல் தொலைந்தால் இழப்பீடு எழுதிய விலைக்குத்தான். 300 டாலர் லென்ஸுக்கு 20 டாலர் என்று எழுதியிருந்தால் கிடைப்பதும் 20-தான்.

டிராக்கிங் எண் வந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். சர்வதேசத் தபால் எண்ணுக்கு ஒரு வடிவம் இருக்கிறது: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து, மொத்தம் 13. ஜப்பானிலிருந்து அனுப்பினேன் என்றால் கடைசியில் ஜே, பி இருக்க வேண்டும். வேறு நாட்டு எழுத்து இருந்தால் கேளுங்கள். பெரிய தந்திரம் இன்னொன்று. விற்பவர் உங்கள் ஊரிலேயே வேறு ஏதோ முகவரிக்கு ஒரு வெற்று உறையை அனுப்புவார். எண்ணைப் போட்டுப் பார்த்தால், உங்கள் ஊரில் ஒப்படைக்கப்பட்டது என்று காட்டும். தளமும் அதைப் பார்த்து அவர் பக்கம் சாயும். இதை உடைக்க இரண்டு சான்று உதவும். ஒன்று, எந்த முகவரியில் கொடுத்தார்கள் என்று தபால் அல்லது கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குவது. மற்றொன்று எடை: இரண்டு கிலோ கேமராவுக்கு டிராக்கிங்கில் 20 கிராம் பதிவாகியிருந்தால் வேறு வாதமே தேவையில்லை. ஈபேயில் 750 டாலர் முதல் விற்பவர் கையெழுத்துச் சான்றும் காட்ட வேண்டும். அதற்கு மேல் விலையுள்ள பொருளில் இது உங்களுக்குச் சாதகம்.

பார்சல் வந்ததும் கட்டைப் பிரிக்கும்போதே ஃபோனில் ஒரு தொடர்ச்சியான வீடியோ எடுத்துவிடுங்கள், முகவரிச் சீட்டில் தொடங்கி. ஏலப் பக்கத்தின் படங்களையும் விவரத்தையும் வாங்கிய அன்றே சேமித்து வையுங்கள். பின்னால் அந்தப் பக்கம் காணாமல் போகலாம். பேச்செல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்கட்டும். தீர்ப்புச் சொல்கிறவருக்குப் படிக்கக் கிடைப்பது அது மட்டும்தான்.

பணம் போய்விட்டது என்று புரிந்தால்

முதல் வேலை வங்கிக்குக் கூப்பிடுவது, மின்னஞ்சல் அல்ல. வயர் டிரான்ஸ்ஃபர் இன்னும் நடு வங்கியில் நின்றுகொண்டிருந்தால் நிறுத்த முடியும். அந்த வாய்ப்பு சில மணி நேரத்துக்குத்தான். கார்டு என்றால் சார்ஜ்பேக் கேளுங்கள், கார்டு எண் வெளியே போயிருந்தால் கார்டையே மாற்றுங்கள். ஏலத் தளத்துக்கும் சொல்லுங்கள், கணக்கை அவர்கள் முடக்கினால் அடுத்தவராவது தப்புவார். உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார் பதிவு செய்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பாவிட்டாலும் வங்கி பெரும்பாலும் அதைக் கேட்கும்.

அப்புறம் சில வாரம் கழித்து யாரோ ஒருவர் தொடர்புகொள்வார். உங்கள் பணம் இருக்கும் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத் தருகிறோம், முன்பணமாகக் கொஞ்சம் கட்டுங்கள் என்பார். வக்கீல் என்பார், புலனாய்வு அதிகாரி என்பார், நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்வார். சரியாகச் சொல்வதில் ஆச்சரியமில்லை: முதலில் ஏமாற்றியவனே பேசுகிறான், அல்லது உங்கள் பெயரை அவனிடமிருந்து விலைக்கு வாங்கியவன் பேசுகிறான். உண்மையான போலீஸோ வங்கியோ பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன்பணம் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு அந்த எண்ணையும் பழைய புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.